பக்கம் 22-இல் ஒரு வட்டம்

19.05.2025, திங்கள்

இன்று ஏழு பேர் ரூம் எடுத்தார்கள். நான்கு பேர் வெளிநாட்டுக்காரர்கள். நான்கு பேருக்கும் சி ஃபார்ம் ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது மணி மூன்று. வெளிநாட்டிலிருந்து யார் வந்து லாட்ஜில் தங்கினாலும் ஒரு நாளைக்குள் அவர்கள் விவரம் ஆன்லைனில் போலீசுக்குப் போயாக வேண்டும். நாளைக்கே வேறு கிரகத்திலிருந்து ஒருத்தன் வந்து, ஆசிரமத்துக்குப் பக்கமாக ரூம் வேண்டும் என்று கேட்டாலும், எங்கிருந்து வருகிறான், எங்கே போகிறான் என்று நான்தான் ஏற்ற வேண்டும். எந்தப் படத்திலாவது இதைக் காட்டுகிறார்களா? வருகிறார்கள், இடிக்கிறார்கள், சாகிறார்கள். ஒரு ரிசப்ஷனிஸ்ட் கிடையாது.

நேற்று யூடியூபில் ஏற்றிய வீடியோவை இதுவரை 212 பேர் பார்த்திருக்கிறார்கள். நன்றாகத்தான் பேசியிருக்கிறேன். வேற்றுகிரகப் படங்களில் தாய்க்கப்பல் ஒன்று வெடித்ததும் உலகம் முழுக்க அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சுருண்டு விழுகிறார்களே, இவ்வளவு தூரம் வரத் தெரிந்தவர்களுக்கு ஒரு மாற்று ஏற்பாடு வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று கேட்டிருந்தேன். எங்கள் லாட்ஜிலேயே கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கிறது.

கமெண்ட் ஒன்றே ஒன்று. “முன்னாடி உங்ககூட பேசுவாங்களே, அந்த அக்கா எங்க?”

அந்த அக்கா கதை எழுதப் போயிருக்கிறார்.

02.06.2025, திங்கள்

சதஃப் வந்தாள். ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஸ்கிரிப்ட், 48 பக்கம்.

ஆறாம் வகுப்பிலிருந்து அவளும் நானும் ஒரே பெஞ்சு. ‘ஓட்டை வாளி’ சேனலை இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆரம்பித்தோம். அவள் அப்பா நசீர் அகமது சோபாவுக்கும் காருக்கும் சீட் கவர் தைக்கிறவர். அந்தக் கடையின் பின் அறையில், துணிச் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் வேற்றுகிரகப் படமாகப் பார்த்துத் தள்ளினோம். ஆளுக்கு ஒரு நோட்டு. கதையில் ஓட்டை கண்ணில் பட்டால் பேசக்கூடாது. ஓரத்தில் பென்சிலால் ஒரு வட்டம் மட்டும். படம் முடிந்ததும் நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டு பேரும் ஒரே இடத்தில் வட்டம் போட்டிருந்தால் அது பெரிய ஓட்டை.

போன வருஷம் ஒருநாள், “அடுத்தவங்க கதையில ஓட்டை பாத்தது போதும்டீ, நாமளே ஒண்ணு எழுதலாம்”னு சொன்னாள். சரி என்றேன். நான் நான்கு பக்கம் எழுதினேன். அந்த நான்கு பக்கம் இப்போதும் நான்கு பக்கமாகவே இருக்கிறது.

அவள் முடித்துவிட்டாள். சென்னையில் ஒரு கம்பெனி நாற்பது நிமிஷப் படம் எடுக்கக் கதை கேட்கிறதாம். ஜூலை 4-ஆம் தேதி அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

“நீ ஓட்டை பாத்து சொல்லாம நான் எங்கயும் அனுப்ப மாட்டேன் கீதா. உன்ன மாதிரி யாருக்குடீ கண்ணு இருக்குது?”

சந்தோஷமாக இருக்கிறது என்று சொன்னேன். முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை.

03.06.2025, செவ்வாய்

படித்துவிட்டேன். ஒரே மூச்சில் படித்தேன். அதுதான் எரிச்சல்.

கதை நம் ஊரில் நடக்கிறது. ஐப்பசி பௌர்ணமி முடிந்த மறுநாள் கிரிவலப் பாதையில், மலையை ஒட்டிய ஓரத்தில், ஒரு கப்பல் வந்து இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத கப்பல். யாருக்கும் தெரியாமல் அங்கேயே நின்று, ஊரிலிருந்து ஒவ்வொரு ஆளாக எடுத்துக்கொள்கிறது. கார்த்திகை தீபத்துக்குள் அவர்கள் வேலையை முடித்தாக வேண்டும். ஏனென்றால் அன்றைக்கு ஊரே அந்த ரோட்டில் இருக்கும்.

இது எனக்கு ஏன் தோன்றவில்லை? நானும் இதே ஊர்தானே. இதே மலைதானே என் ஜன்னலிலும் தெரிகிறது.

முடிவு மட்டும் படு சொதப்பல். தீபம் ஏற்றியதும் நெய்ப் புகை பட்டு எல்லோரும் செத்துவிடுகிறார்களாம். இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு நெய் ஒத்துக்கொள்ளாது என்று வந்த பிறகுதான் தெரிகிறதா? மறுநாள் ஊரே கட்டிப்பிடித்துக்கொள்கிறது. காணாமல் போனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்தப் படத்திலும் மறுநாள் யாரும் எதற்கும் பதில் சொல்வதில்லை.

அதை விடப் பெரிய ஓட்டை பக்கம் 22-இல். தினமும் ஆயிரம் பேர் நடக்கிற பாதை. கப்பல் கண்ணுக்குத் தெரியாது, சரி. கைக்குமா தட்டுப்படாது? ஒரு மாதமாக ஒருத்தர் கூட அதில் போய் முட்டிக்கொள்ளவில்லையா?

பத்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டேன். பென்சிலை அழுத்தி வட்டம் போட்டேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

08.06.2025, ஞாயிறு

ஸ்கிரிப்டைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் ரப்பர் எடுத்து வட்டத்தை அழித்துவிட்டேன்.

“எங்கயும் ஓட்டை இல்லையா?” என்றாள்.

“முடிவு கொஞ்சம் சுமார்தான். மத்ததெல்லாம் சூப்பர்.”

முடிவு சுமார் என்று சொன்னது, நான் நேர்மையானவள் என்று அவள் நினைப்பதற்காக. இதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ சொல்லிட்டா போதும்.”

ஏன் இப்படிச் செய்தேன்? அவள் தோற்க வேண்டும் என்றா? இல்லை. கொஞ்சம் தடுக்கி விழட்டும் என்று. கொஞ்சம் என்றால் எவ்வளவு கீதாஞ்சலி?

22.06.2025, ஞாயிறு

காலையில் அம்மாவுடன் கிரிவலம். என் நினைப்பெல்லாம் பக்கம் 22-இல்தான் இருந்தது. நடந்துகொண்டே இருந்தவள் என்னையறியாமல் ரோட்டைக் கடந்து மலைப் பக்க ஓரத்துக்குப் போய்விட்டேன். அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

“இடது பக்கமா வாடி. அந்த ஓரம் சித்தருங்க நடக்கறது. எத்தினி தபா சொல்றது?”

அப்படியே நின்றுவிட்டேன்.

மலை வலது கைப் பக்கம். மலையை ஒட்டிய ஓரத்தைச் சித்தர்களுக்கும் தேவர்களுக்கும் விட்டுவிட்டு எல்லோரும் இடது ஓரமாகவே நடப்பார்கள். சின்ன வயசிலிருந்து எனக்குப் பழக்கம், அதனால்தான் யோசித்ததே இல்லை. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும்தான் ரோடு முழுக்க ஆள். மற்ற நாளில் அந்த ஓரத்தில் ஒரு கப்பல் என்ன, நாலு கப்பல் நிற்கலாம். யாரும் இடிக்க மாட்டார்கள். மரியாதைக்காக ஒதுங்கிப் போவார்கள்.

ஓட்டை அடைபட்டுவிட்டது. அடைபட்டது மட்டுமா, கதைக்கே அதுதான் அச்சாணி. ஏன் நம் ஊர், ஏன் அந்த ஓரம், ஏன் தீபத்துக்குள் — எல்லாவற்றுக்கும் ஒரே பதில். சதஃப் இந்த ஊரிலேயே பிறந்தவள்தான், ஆனால் அவள் வீட்டில் யாரும் கிரிவலம் போவதில்லை. அவளுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. எனக்குத் தெரியும்.

எனக்கு மட்டும்தான் தெரியும்.

25.06.2025, புதன்

சொல்லலாமா?

28.06.2025, சனி

ஃபோனைக் கையில் எடுத்தேன். அவள் ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். புது குர்தா, ‘நாலாம் தேதிக்கு’ என்று போட்டு நட்சத்திரம். ஃபோனை வைத்துவிட்டேன்.

01.07.2025, செவ்வாய்

அவளே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லையே.

கேட்டாள். போன மாதம் 8-ஆம் தேதி கேட்டாள்.

04.07.2025, வெள்ளி

நாள் முழுக்க ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தருக்குத் தப்பான சாவியைக் கொடுத்து, மேனேஜர் ராஜா சாரிடம் திட்டு வாங்கினேன். மாலை ஐந்தரைக்கு மெசேஜ் வந்தது. “22ஆம் பக்கத்துல மாட்டிக்கிட்டேன்.” அவ்வளவுதான்.

சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

06.07.2025, ஞாயிறு

காலை பதினொரு மணிக்கு லாட்ஜுக்கே வந்துவிட்டாள். புது குர்தாதான். கையில் அதே ஸ்கிரிப்ட்.

கவுன்டர் முன்னால் இரண்டு பேர் பெட்டியோடு நின்றிருந்தார்கள். அவர்கள் சாவி வாங்கிப் போகும்வரை ஓரமாக நின்றாள். பிறகு ஸ்கிரிப்டை மேஜையில் வைத்து 22-ஆம் பக்கத்தைப் பிரித்து, ஜன்னல் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் தெரிந்தது. ஈயம் போயிருந்தது, பள்ளம் போகவில்லை. பென்சிலை நான் எப்போதும் அழுத்தித்தான் பிடிப்பேன். வட்டம், முழு வட்டம்.

“பஸ்ல வரும்போது பாத்தேன்” என்றாள். “அவங்க கேட்டதும் அதே எடத்துலதான். நம்ம நோட்டுல ரெண்டு வட்டமும் ஒண்ணா விழுமே, அந்த மாதிரி.”

அவள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை.

“ஏன்டீ?”

வாயில் வந்தது இதுதான்: “இடது ஓரம்.” விஷயத்தை முழுசாகச் சொன்னேன். சித்தர்கள், மலைப் பக்கம், பௌர்ணமிக்கு மட்டும் நிறையும் ரோடு, எல்லாம். பேசப் பேச அவள் கண்ணில் கதை ஓடுவது தெரிந்தது. அந்த நிலைமையிலும் ஓடியது. எனக்கு ஓடியதே இல்லை. பாழாப்போன பொறாமை அப்பக்கூட விட மாட்டேங்குது.

“இது எப்போ தோணிச்சு உனக்கு?”

“போன மாசம் 22.”

விரல் விட்டு எண்ணினாள். “பன்னெண்டு நாள்.”

“சதஃப், எனக்கு உன் மேல பொறாமைடீ. வேற ஒண்ணும் இல்ல.”

“தெரியுது” என்றாள். ஸ்கிரிப்டை மூடினாள். “ரெண்டு வாரம் டைம் குடுத்திருக்காங்க. நான் போய் எழுதணும்.”

போய்விட்டாள். அதற்குள் ஒரு இத்தாலிக்காரர் வந்து நின்றார். பாஸ்போர்ட் வாங்கி ஏற்றினேன். எழுத்தெல்லாம் கலங்கிக் கலங்கித் தெரிந்தது.

21.07.2025, திங்கள்

நசீர் அங்கிள் கடை வழியாக வந்தேன். அவரே கூப்பிட்டார். “பொண்ணு கதை ஓகே ஆயிடுச்சும்மா. அந்த இடது ஓரம் மேட்டருதான் அவங்களுக்கு ஜாஸ்தி புடிச்சிச்சாம். நீ சொன்னதாமே?”

அப்படியென்றால் அவள் வீட்டில் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். மற்றதைச் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டிருக்கிறாள். அதுவும் எரிகிறது.

03.12.2025, புதன்

தீபம். லாட்ஜில் ஒரு ரூம் காலி இல்லை. அவள் படக்குழு கூட்டத்தை நிஜமாகவே எடுக்க வந்திருக்கிறது. பக்கத்து லாட்ஜில் தங்கியிருக்கிறார்கள். எங்கள் லாட்ஜில் கேட்கக்கூட இல்லை.

மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் எல்லோரும் மலை உச்சியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் கீழே ரோட்டைப் பார்த்தேன். கேமராவுக்குப் பக்கத்தில் சதஃப் ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்று யாருக்கோ கை காட்டிக்கொண்டிருந்தாள். தொப்பி போட்டிருந்தாள். நன்றாக இருந்தது அவளுக்கு.

28.02.2026, சனி

நம் ஊர்க்காரர்களுக்காக ஒரு மண்டபத்தில் மதியம் படம் போட்டார்கள். அழைப்பை நசீர் அங்கிள்தான் கொடுத்தார். பின் வரிசையில் உட்கார்ந்தேன். பழக்கதோஷம், நோட்டும் பென்சிலும் எடுத்துப் போயிருந்தேன்.

முடிவை மாற்றிவிட்டாள்.

நெய்ப் புகை இல்லை. யாரும் சாகவில்லை. தீபத்தன்று ரோடு நிறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கப்பல் கிளம்பிவிடுகிறது. வேலை முடிந்தது, போகிறார்கள். எடுத்தவர்களைத் திருப்பித் தரவில்லை. மறுநாள் ஊரே கேட்கிறது: இத்தனை நாள் ஒருத்தருக்குக்கூடவா தெரியவில்லை? அப்போது லாட்ஜ் கவுன்டரில் ஒரு பெண்ணைக் காட்டுகிறார்கள். அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு நாள் முன்னாலேயே, அந்த ஓரமாக நடந்தபோது கையில் தட்டுப்பட்டிருக்கிறது. ஊரில் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருக்கிறதே என்று சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். அந்தப் பன்னிரண்டு நாளில் போனவர்களில் அவளுடைய தோழியும் ஒருத்தி. ரெஜிஸ்டரில் குறித்து வைத்திருந்ததை ரப்பரால் அழிக்கிறாள். கடைசியில் மலையைச் சுற்றி இடது ஓரமாக நடக்கிறாள். பக்கத்தில் ஒரு ஆள் நடக்கும் இடம் காலியாக இருக்கிறது. அவ்வளவுதான் படம்.

கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா மூக்கை உறிஞ்சினார். என் நோட்டில் ஒரு வட்டம்கூட இல்லை.

வெளியே செருப்புப் போடும் இடத்தில் சதஃப் நின்றிருந்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு முகத்துக்கு நேராகப் பார்த்தோம்.

“எங்கயாச்சும் ஓட்டை?” என்றாள்.

“இல்ல.”

“நிஜமா?”

“நோட்டு வேணும்னா பாரு.”

அவள் நோட்டை வாங்கினாள். பக்கத்தைத் திருப்பி, வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தாள். பள்ளம் இருக்கிறதா என்று. நான் நின்றுகொண்டே இருந்தேன். பார்த்து முடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“சரி. தேங்க்ஸ்டீ” என்றாள். யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

31.03.2026, செவ்வாய்

சேனலில் அந்தப் படத்தைப் பற்றிப் பேசச் சொல்லி ஒன்பது பேர் கேட்டுவிட்டார்கள். பேசவில்லை.

சாயங்காலம் நசீர் அங்கிளைப் பார்த்தேன். சதஃப் அடுத்த கதையை முடித்துவிட்டாளாம். இதுவும் வேற்றுகிரகம்தானாம், இந்தத் தடவை கீழ்பென்னாத்தூர்ப் பக்கம், கடலைக் கொல்லையில் இறங்குகிறார்களாம். கேட்டதும் எரியும் என்று எதிர்பார்த்தேன். எரியவில்லை. நல்ல இடம், கடலைக் கொல்லை. மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று மேலே நிற்பவனுக்குத் தெரியாது.

“ஓட்டை பாக்க யாருகிட்ட குடுத்திருக்கா அங்கிள்?”

“மெட்ராஸ்ல யாரோ வேதாவாம். அந்தப் பொண்ணு பாத்து சொன்னாத்தான் அனுப்புவாளாம்.”

அப்போது எரிந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் எரிகிறது. யார் இந்த வேதா? எத்தனை படம் பார்த்திருப்பாள்? கடலைக் கொல்லை எப்படியிருக்கும் என்றாவது தெரியுமா அவளுக்கு?

ஓட்டை தென்பட்டால் பென்சிலால் வட்டம் போடுவாளா? அழுத்திப் போடுவாளா?