தலைகீழாக அடுக்கிய ஏழாம் கிணற்றுக் கல்

அனுப்புநர்:
பாறை மாதிரிக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் பெட்டி தூக்கி ஓய்வு பெற்றவர்,
கிடங்குக்குப் பின்தெரு.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
எண்ணெய் வயல் ஆய்வு அலுவலகம்.

பொருள்: புதிய கிடங்கின் வாசல் கல்லில் என் தங்கை கணவர் பெயரைப் பொறிப்பதை நிறுத்தி வைக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆற்றுப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோய், நாங்கள் எல்லோரும் படகில் வேலைக்கு வந்த வருடம் அது. அப்போதுதான் ஏழாம் கிணற்றிலிருந்து சுண்ணாம்புப் பாறையைத் துண்டு துண்டாக மேலே எடுத்தார்கள். ஒரு முழம் தேன்கூடு போல ஓட்டை, அதற்குள் தார் போல எண்ணெய். அடுத்த முழம் நகம் இறங்காத இறுக்கம். எந்த ஆழத்தில் எது என்று தெரிந்தால்தான் சரியான இடத்தில் நீராவி விட்டு எண்ணெயை இளக்கலாம்.

2. பதினொரு மாதம் நீராவி விட்டார்கள். ஒரு வாளி எண்ணெய் வரவில்லை. ஆய்வாளர் அம்மா தரையில் உட்கார்ந்து, கண்ணாடியை வைத்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்து, இந்தப் பாறையே புரியவில்லை என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

3. எனக்கு எழுத்து தெரியாது. கல்லை மேலே எடுத்ததுமே அதன் நீளத்துக்கு இழுத்துவிடும் இரண்டு கோடு தெரியும். சிவப்பு வலப்பக்கமும் கறுப்பு இடப்பக்கமும் இருந்தால் கல் நேராக இருக்கிறது. அன்று பெருக்கும்போது பார்த்தேன், வரிசை முழுக்கச் சிவப்பு இடப்பக்கம். மேல் கல் கீழே, கீழ்க் கல் மேலே. அதைப் பார்த்தவன் நான். என் மைத்துனர் அல்ல.

4. கை கழுவும் குழாயடியில், அப்போது என்னோடு பெட்டி தூக்கிக்கொண்டிருந்த அவரிடம் சொன்னேன். "நீங்க பேசாம இருங்க மச்சான், நான் போய்ச் சொல்லிக்கிறேன். உங்க பேரு வெளிய வராது" என்றார். சொன்னபடியே இன்றுவரை வரவில்லை. மறு மாதமே எண்ணெய் வந்தது. அவருக்குக் கை வைத்த நாற்காலி, மேற்பார்வையாளர் வேலை. எங்கள் வீட்டு விசேஷத்திலும் முதல் வரிசை அவருக்குத்தான். என் பேரனே அவரை "பாறை தாத்தா" என்கிறான். அவருடைய முழங்கால்கூட என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

5. நானே ஏன் போய்ச் சொல்லவில்லை என்று தாங்கள் கேட்பீர்கள். அந்தக் கற்களை அடுக்கியவன் நான். அன்று இடமில்லாமல் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று அடுக்கினேன். என் வலது இந்தப் பக்கம் நின்றவர்களுக்கு இடது. எழுத்தர் அப்படியே பெட்டிமேல் ஆழத்தை எழுதிவிட்டார். வேலை போய்விடும் என்று பயந்தேன்.

6. ஆகவே ஐயா, கண்டுபிடித்தவன் என்று என் பெயரைப் பொறியுங்கள். அதற்கு மனமில்லையென்றால், தலைகீழாக அடுக்கியவன் என்றாவது பொறியுங்கள். அந்தக் கல்லில் அவர் பெயர் தனியாக இருக்கக் கூடாது.

நாள்: திறப்பு விழாவுக்கு எட்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை
இடம்: தங்கள் அலுவலக வாசல்

நான் சொல்லச் சொல்ல மனு எழுதுபவர் எழுதினார். படித்துக் காட்டினார், சரி.

(இடது கைப் பெருவிரல் ரேகை)

சாட்சி: ஆய்வாளர் அம்மா இல்லை. எழுத்தர் இல்லை. வீட்டில் எல்லாம் தெரிந்த என் தங்கையும் போய்விட்டாள். இது உண்மை என்று சொல்ல உயிரோடு இருப்பவர் ஒருவர்தான், என் மைத்துனர். அவரைக் கேளுங்கள். பொய் சொல்ல மாட்டார்.