பொங்கல் யார் பக்கம்

கார்த்திகை 3, புதன்

விடாத தூறல். கீழ வயலில் முழங்கால் தண்ணீர். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது, ஆள் வைத்து எடுத்தேன். மேலுரம் இன்றும் போடவில்லை.

மதியம் தஞ்சாவூர். இரண்டாவது பேச்சு. வக்கீல் ஆபீஸ் மேசையில் நாலு பேர்: நான், ரேவதி, ஆளுக்கொரு வக்கீல். விவாகரத்தைப் பேசியே முடித்துக்கொள்வதாக ஏற்பாடு. பேச்சு முறிந்து சண்டை கோர்ட்டுக்குப் போனால் இரண்டு வக்கீலும் விலகிவிடுவார்கள், நாங்கள் புதிதாக ஆள் பிடிக்க வேண்டும். முதல் நாளே எழுதி வாங்கிவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்.

யாழினி (ஐந்தாம் வகுப்பு) அம்மாவோடு தஞ்சாவூரில். இரண்டாம், நாலாம் சனி-ஞாயிறு என்னோடு. மே லீவில் பாதி. தீபாவளியை விட்டுக்கொடுத்தேன். பொங்கல் எனக்குத்தான் என்று ஒரே பிடியாக நின்றேன். விவசாயி மகள் பிளாட்டில் குக்கரிலா பொங்கல் வைப்பாள் என்று கேட்டேன். ரேவதி சரியென்று தலையாட்டினாள். ஜெயித்துவிட்டதாக நினைப்பு. பஸ்ஸில் நல்ல தூக்கம்.

கார்த்திகை 5, வெள்ளி

மழை விட்டது. வாங்க: யூரியா, பொட்டாஷ், டார்ச் பேட்டரி, யாழினிக்கு ஜாமென்ட்ரி பாக்ஸ்.

அண்ணன் வந்தார். இந்த மேசைப் பேச்செல்லாம் எதற்கு, கோர்ட்டுக்குப் போ என்று அதே பாட்டு. தன் விவாகரத்துக்காக ஏழு வருடம் கோர்ட்டு வாசலை மிதித்தவர். கேட்டது தீர்ப்பில் கிடைத்தது: மாதம் இரண்டு ஞாயிறு மகனைப் பார்க்கலாம். ஒரு தை மாதம் அறுவடை மிஷின் வந்து நின்றதால் ஒரு ஞாயிறு தவறியது. எதிர்த்தரப்பு அதையும் மனுவாகப் போட்டது. அப்புறம் பையனே வர மாட்டேன் என்றுவிட்டான். போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் எதிரே வந்தவன், யாரோ பெரியவரிடம் சொல்வதுபோல வணக்கம் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனானாம்.

திருப்தியா அண்ணே என்று கேட்டேன்.

"தீர்ப்பு என் பக்கம்தான்டா."

காபியைக் குடிக்காமலே கிளம்பினார்.

கார்த்திகை 7, ஞாயிறு

மேகமூட்டம். யூரியா போட்டாயிற்று. முதுகு போயிற்று.

அறுவடை மிஷின் புரோக்கர் போன். சேற்றில் இறங்கும் பெல்ட் மிஷினுக்கு இப்போதே பெயர் கொடுக்க வேண்டுமாம். என் வயலுக்கு எப்போது வரும் என்றேன். பொங்கலை ஒட்டித்தாங்க, ரெண்டு நாள் முன்ன பின்ன ஆகும் என்றார்.

அப்போதுதான் உறைத்தது. பொங்கலுக்குக் கொள்முதல் நிலையம் பூட்டியிருக்கும். அறுத்த நெல் வாசலில் குவியலாகக் கிடக்கும். தார்ப்பாய் போட்டுக் காவல் கிடப்பது நான். வருடா வருடம் இதே கதைதான். யாழினி யாரோடு பொங்கல் வைப்பாள்? காலி வீட்டிலா? இதையா சண்டை போட்டு வாங்கினேன், மடையன்.

அண்ணன் மகன் சொன்ன வணக்கம் காதிலேயே நிற்கிறது. பயமாக இருக்கிறது. யாழினி என்னை விட்டுப் போய்விடக் கூடாது.

ரேவதியிடம் மாற்றிக் கேட்க வேண்டும். சிரிப்பாள். சிரிக்கட்டும்.

கார்த்திகை 10, புதன்

நல்ல வெயில். காலை 11 மணிக்கு மூன்றாவது பேச்சு. பஸ் லேட். பக்கத்து சீட்டில் வெங்காய விலை பற்றிப் புலம்பல், தஞ்சாவூர் வரை.

கேட்டுவிட்டேன். பொங்கல் வேண்டாம், வேறு நாள் கொடு என்று. அவள் வக்கீல் ஏதோ சொல்ல வந்தார். ரேவதி கையமர்த்தினாள். சிரிக்கவில்லை.

"பன்னெண்டு பொங்கல் அந்த வீட்ல நான் தனியாத்தான் வெச்சேன். நீங்க நெல்லுக்குக் காவல். அதைச் சொல்லலாம்னு எப்ப வாயெடுத்தாலும் செருப்பை மாட்டிக்கிட்டு வயலுக்குப் போயிடுவீங்க."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தாள். ஏற்கெனவே எழுதி வந்திருக்கிறாள். பொங்கல் அம்மாவோடு. நெல்லைக் கொள்முதலில் போட்டு முடிந்ததும் தொடர்ந்து மூன்று சனி-ஞாயிறு அப்பாவோடு. எப்போது என்பதை அப்பா சொல்வார்.

அப்படியென்றால் அன்றைக்கு ஏன் தலையாட்டினாய் என்றேன்.

"நீங்களா வந்து கேக்குறீங்களான்னு பாத்தேன்."

அப்புறம் நிறையச் சொன்னாள். யாழினிக்கு டெங்கு வந்த வருடம். ரேவதியின் அப்பா சாவுக்கு நான் சாயங்காலம்தான் போய் நின்றது. எதுவும் ஒப்பந்தத்தில் எழுதுகிற விஷயமில்லை. வக்கீல்கள் பேனாவை மூடிவிட்டார்கள். கோர்ட்டாக இருந்தால் சம்பந்தமில்லாததைப் பேசாதீர்கள் என்றிருப்பார்கள். இரண்டு இடத்தில் பதில் வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். தண்ணீர் குடித்தேன்.

கையெழுத்து. இரண்டு பேருக்கும் திருப்திதானே என்று என் வக்கீல் அம்மா கேட்டார். ரேவதி "ம்" என்றாள். நானும்.

பன்னிரண்டு வருடத்தில் அவள் பேசி முடிக்கும்வரை நான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது இன்றைக்குத்தான்.