ஆர்வில் குச்சேராவிடம் பெயர் கேட்காத குற்றம்

அன்புள்ள ஜனெல்,

இங்கே நானும் அப்பாவும் நலம். இந்த முறை அதை விசாரித்துவிட்டே எழுதுகிறேன், ஏன் என்பது போகப் போகத் தெரியும். நீயும் லிஸ்பனில் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். நெப்ராஸ்காவில் பனி வேலிக்கம்பிகளை மூடிவிட்டது, மாடுகள் அதன்மேல் நடந்து வெளியே போக யோசித்துக்கொண்டிருக்கின்றன. என் ஆம்புலன்ஸ் லைசென்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். புதுப்பித்தாகிவிட்டது, இரண்டாவது முயற்சியில். முதல் முயற்சியில் உன் அம்மா தோற்றுப்போனாள். வருடக் கடைசிக்குள் நான் தேறாமல் போயிருந்தால், நம் ஊர் வண்டியில் நோயாளியைத் தொட உரிமை உள்ளவள் பாஸ்டரின் மனைவி கோரீன் ஒருத்திதான் மிஞ்சியிருப்பாள். ஒருத்தியை வைத்துக்கொண்டு சேவை நடத்த மாநிலம் விடாது, பக்கத்து மாவட்ட வண்டியைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். அது வந்து சேரும்போது நோயாளி தானாகக் குணமாகியிருப்பார், இல்லையென்றால் அவசரம் தீர்ந்திருக்கும்.

தோற்ற கதையைக் கேள். செய்முறைத் தேர்வு தீயணைப்பு நிலையத்தில். தேர்வாளர் தலைநகர் லிங்கனிலிருந்து வந்த ரெனாட்டா சோலிஸ் என்ற பெண், உன் வயதுதான் இருக்கும், சிரிப்பதை மாநிலம் தடை செய்திருக்கிறது போலிருக்கிறது. நோயாளியாகப் படுத்திருந்தது நம் வண்டி ஓட்டும் ஆர்வில் குச்சேரா, பக்கத்து வீட்டு ஆர்வில்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகச் சொல்லியிருந்தார்கள், அவர் அதைப் பிரசவ வலிபோலச் செய்தார். நான் கையுறை மாட்டினேன், நாடி பார்த்தேன், இவருக்குச் சர்க்கரை உண்டு, காலையில் ஒரு மாத்திரை, ஒவ்வாமை கிடையாது என்று கடகடவென்று சொன்னேன். "யார் சொன்னது?" என்றாள் ரெனாட்டா. "ஊருக்கே தெரியுமே" என்றேன். "நோயாளிகிட்ட நீங்க பேர்கூடக் கேக்கலை" என்றாள். "நாப்பது வருஷமா இவர் எங்க வீட்டு ஏணியை இரவல் வாங்கிட்டுத் திருப்பித் தராம இருக்கார், இவர்கிட்டப் பேர் கேக்கணுமா?" என்றேன். நோயாளி முனகலை நிறுத்திவிட்டு, "அந்த ஏணியை ரெண்டு வருஷம் முன்னாடியே கொடுத்தாச்சு, லவோன்" என்றார். தோல்வி. யாரையும் எதுவும் கேட்க வேண்டியில்லாத ஊரில் கேள்வி கேட்கத் தெரிகிறதா என்று சோதிப்பது எனக்கு விசித்திரமாகத்தான் இருந்தது. இரண்டு வாரத்தில் மறுதேர்வு என்றார்கள்.

ஆகவே பயிற்சிக்கு உன் அப்பாவைச் சமையலறைத் தரையில் படுக்க வைத்தேன். பழம் வைத்த கொலாச் ரொட்டி அடுப்பில் இருந்தது, அது வேகும்வரை படுத்திருக்கச் சம்மதித்தார். பெயர் என்ன என்றேன். "மெர்ல் ஹாவர்மன். உன் புருஷன்." வலி இருக்கிறதா? "இருக்கு." எங்கே? "நெஞ்சுல, நடுவுல." எப்போதிலிருந்து? "சோள அறுவடையிலேருந்து." என்ன செய்தால் வருகிறது? "தானியத் தொட்டி ஏணியில ஏறினா. நின்னா போயிடும்." வேறெங்காவது பரவுகிறதா? "தாடைக்கு." பத்துக்கு எவ்வளவு? வலிக்கு மதிப்பெண் போடச் சொன்னேன். "நேத்து ஆறு." எனக்கு ஒரே பெருமை, ஆர்விலைவிட ஆயிரம் மடங்கு நன்றாக நடிக்கிறாயே என்றேன். "நடிக்கலையே. நீ கேட்ட, நான் சொன்னேன்" என்றார்.

ஜனெல், நான் தினமும் காலையில் நல்லா இருக்கியா என்று கேட்கிறேன், அவரும் நல்லா இருக்கேன் என்கிறார். இதை ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "இப்படித் தனித்தனியா யாரும் கேக்கலையே. மொத்தத்துல நல்லாத்தானே இருந்தேன்" என்றார். அடுப்பை அணைத்துவிட்டு வண்டியைக் கூப்பிட்டேன். என் பழைய லைசென்ஸ் இன்னும் உயிரோடு இருந்ததால் பின்னால் நானே ஏறினேன். ஆர்வில் ஓட்டினார். நெடுஞ்சாலை ஏறியதும் முன்னாலிருந்து, "லவோன், அவன் பேரைக் கேட்டியா?" என்று குரல் கொடுத்தார். அப்பா சிரித்தார், சிரித்தால் வலிக்கிறதா என்று அதையும் கேட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் பார்த்தால் இதயக் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு, இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அப்போதே உனக்கு ஃபோன் செய்யலாம் என்றேன். "நல்லா ஆன பிறகு சொல்லு" என்றார். இப்போது சொல்கிறேன். வீட்டில்தான் இருக்கிறார், ஏணிப் பக்கம் போவதில்லை, ஏணியை மறுபடி ஆர்விலுக்கே கொடுத்துவிட்டேன்.

மறுதேர்விலும் ஆர்வில்தான் நோயாளி. உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். "லாடிஸ்லாவ்" என்றார். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் வாயில் நுழையாததால் ஆர்வில் ஆனாராம். நாற்பது வருடம் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்திருக்கிறேன். ஒவ்வாமை உண்டா என்றேன், போன வருடத்திலிருந்து பென்சிலின் ஒத்துக்கொள்வதில்லையாம், ஊரில் யாருக்கும் தெரியாது. ரெனாட்டா தலையை ஆட்டி, "இப்ப தேறிட்டீங்க" என்றாள். கிளம்பும்போது இரண்டு கொலாச் எடுத்துக்கொண்டாள், சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கடைக்குப் போனால் கல்லாவில் இருப்பவரைக்கூடக் கேள்வி கேட்காமல் வர முடியவில்லை, எத்தனை விஷயம் தெரியாமலே தெரிந்தவளாக இருந்திருக்கிறேன்.

கடவுள் உன்னைக் காக்கட்டும், உன் வேலையும் உறக்கமும் குறைவில்லாமல் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்யும்போது அப்பாவிடம் நல்லா இருக்கீங்களா என்று மட்டும் கேட்காதே, ஒவ்வொன்றாகக் கேள், பதில் சொல்வார். உன் போன கடிதத்தில் நீயும் "நன்றாக இருக்கிறேன், அம்மா" என்று ஒரே வரியில் முடித்திருந்தாய். நீ உன் அப்பாவின் மகள். எங்கே, எப்போதிலிருந்து, பத்துக்கு எவ்வளவு?

இப்படிக்கு,
செல்லுபடியாகும் லைசென்ஸுடன்,
உன் அம்மா
லவோன்