தாகாவில் பறந்த தேங்காய்

என் கண்ணு,

ஆக்லாந்தில் குளிர் விட்டதா? இங்கே எல்லோரும் நலம். உன் அப்பாவின் கல்லறைக்குப் புதிதாக வெள்ளையடித்தாயிற்று. அடித்தது செமிசி, பஸ் ஓட்டுகிறாரே, அவர்தான். நான் கேட்கவில்லை; தானாக வந்து அடித்தார்.

போன வாரம் சுற்றுலா வந்தவர்கள் அவருடைய பஸ்ஸை வாடகைக்கு எடுத்தார்கள். சமைத்துப்போட ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றிக்கொண்டார். சவாயித் தீவிலேயே பிறந்தும் அதன் மறுபக்கத்தை நான் பார்த்ததில்லை, தெரியுமா? எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை கடல்வரை கிடக்கிறது. கூரையில்லாத தேவாலயத்துக்குள் புகுந்து அலையலையாக நிற்கிறது. விரிசல்களில் பெரணிச் செடிகள். வெயிலில் எல்லாமே மிதப்பது போலிருந்தது, நானும்தான்.

தாகா ஊரில் பாறைத் துளைகள் வழியே கடல் பீறிடும். செமிசி ஒரு தேங்காயைத் துளைக்குள் போட்டார். அது தென்னை உயரத்துக்குப் பறந்தது. நான் கைதட்டிச் சிரித்துவிட்டேன். அங்கே தேங்காய் விற்பவள் விடுவாளா?

"ஏன்க்கா, தேங்காயப் பாத்துச் சிரிக்கிறியா, போட்டவரப் பாத்தா?"

"ரெண்டையும்தான்டி" என்று என் வாய் சொல்லிவிட்டது. செமிசி அடுத்த தேங்காயைத் துளைக்கு வெளியே போட்டார்.

திரும்பி வந்து நம் வீட்டு வாசலில் நான் இறங்கும்போது, "உங்க பொண்ணு என்னங்க சொல்லும்?" என்றார்.

"எழுதிக் கேக்குறேன்" என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது கப்பல் துறையில் அவர் நிற்பார். உன் பெட்டியைத் தூக்க வருவார். மனமில்லையென்றால் நீயே தூக்கிக்கொள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவரிடம் கொடுத்தாயானால் எனக்கு அதுவே பதில்.

முத்தங்களுடன்,
உன் அம்மா