பாக்கி வைத்த இங்கிலீஷ் வார்த்தை

நரேன் அப்பாவுக்கு,

கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன மூன்றாம் மாடி தத்தா வீட்டு மருமகள் பெட்டியோடு திரும்பி வந்திருக்கிறாள். ஏன் என்று கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது, போய்விட்டு வருகிறேன். ரசம் ஸ்டவ் மேல் இருக்கிறது, சுட வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் தரகர் விற்பதற்காக நம் வீட்டைப் பார்க்க வருவார். மொட்டை மாடிச் சாவி டிவி மேல். தாராளமாகக் காட்டுங்கள். ஊரின் மறு கோடியில் இருக்கிற சால்ட் லேக்குக்குக் குடிவரமாட்டேன் என்றதற்கு, "ஊர்வம்பு இல்லாம உன்னால இருக்க முடியாதா?" என்று நேற்று கத்தினீர்களே, முடியாதுதான். அங்கே நரேன் இருக்கிறான், சரி. வம்புக்கு யார் இருக்கிறார்கள்?

ஸ்டவ் என்று எழுதியதும் ஞாபகம் வருகிறது. கல்யாணமான புதிதில், இதே பெஹாலா பால்கனியில், கரண்ட் போன லோட்ஷெட்டிங் இருட்டில், ஓ, வி, ஈ சேர்ந்து வருகிற இங்கிலீஷ் வார்த்தைகளை அர்த்தத்தோடு சொல்லச் சொல்வீர்கள். ஸ்டவ் அடுப்பு, க்ளோவ் கிராம்பு, டவ் புறா என்று அடுக்குவேன். "லகரத்துல ஒண்ணு பாக்கி இருக்கே" என்று சிரிப்பீர்கள். பக்கத்து பால்கனியில் கோஷ் வீட்டு மாமி, நம் மாஷிமா, காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் எப்படிச் சொல்வது?

சாவித்ரி

பி.கு: மாஷிமா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. தரகரைச் சீக்கிரம் அனுப்பிவிட்டு பால்கனிக்கு வாருங்கள். பாக்கி வார்த்தையை இந்த வீட்டில்தான் சொல்வேன்.