வளையத்தில் இருந்த முத்திரை

மார்ச் 1

வசந்தம் பிறந்த நாள். என் கணவன் ட்ராயன், வசந்தத்துக்குச் சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்பு-வெள்ளை நூல்கள் இரண்டு வாங்கி வந்தான். எனக்குப் பனிப்பூ கோத்தது. ஒத்திலியாவுக்குக் குட்டி லென்ஸ் கோத்தது. “ஆபீஸ்ல பொண்ணுங்களுக்குக் குடுக்கிறதுதானேம்மா” என்கிறான். குடுக்கட்டும். ஆனால் லென்ஸா? அவன் புகைப்படம் எடுக்கும் அதே ஏலக்கடையில் பதக்கங்களின் பட்டறை முத்திரைகளை லென்ஸ் வைத்துப் படித்தவள் யார்? மகள் காத்திங்கா பிறந்தாள்; என் நாற்காலியில் ஒத்திலியா உட்கார்ந்துவிட்டாள். நான் பனிப்பூ.

மார்ச் 4

சாப்பாட்டு மேசையிலும் ட்ராயனுக்கு அவள் பேச்சுதான். “புதுசா வந்த சிலுவைப் பதக்கத்தைப் பாத்த உடனே பாரிஸ்னு சொல்லிட்டா, ஸ்மரண்டா! தொங்கவிடுற வளையத்துல இத்துணூண்டு முத்திரை.”

மார்ச் 5

அவன் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அரசர் காலத்து மகுடச் சிலுவை. முத்திரை பாரிஸ்தான். ஆனால் அந்த வளையம் இந்தச் சிலுவையுடையதே அல்ல! வளையத்தின் பொன்பூச்சு மஞ்சள், சிலுவையுடையது சிவந்தது. கம்யூனிஸ்ட் காலத்தில் இவற்றை மெத்தைக்குள் தைத்து ஒளித்தார்கள். வளையம் உடைந்தால் வேறு பதக்கத்தின் வளையத்தை எடுத்து மாட்டினார்கள். என் மாமியார் வீட்டுச் சிலுவையும் அப்படித்தான்.

ஒத்திலியா தப்பாகச் சொல்லிவிட்டாள். கடவுளே, எவ்வளவு சந்தோஷம் எனக்கு!

மார்ச் 6

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 9

வெள்ளிக்கிழமை ஏலப் பட்டியல் அச்சுக்குப் போகிறது. அச்சான பிறகு தெரிந்தால் முதலாளி வோய்குலெஸ்கு அவளைச் சும்மா விடமாட்டார். நாற்காலி காலியாகும் — இப்படி நினைப்பது நான்தானா? பால் கட்டிக்கொண்டு வலி வேறு. இல்லை, நேரில் போய்ச் சொல்லணும். எல்லார் முன்னாலயும் சொல்லணும். அவ மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்.

மார்ச் 11

குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஏலக்கடைக்குப் போனேன். நான் வாய் திறப்பதற்குள் ஒத்திலியா ஓடி வந்தாள்.

“அப்பாடா, வந்தீங்களா மேடம்! பாரிஸ்னு அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். இப்ப மனசு ஒப்பல. உங்ககிட்ட பேசணும்னு ட்ராயன்கிட்ட எத்தன தடவ கேட்டேன் தெரியுமா? தூங்கட்டும், தொந்தரவு பண்ணாதேன்னுட்டாரு.”

ட்ராயன் கேமராவைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டான்.

“இவளைப் பிடி” என்று குழந்தையை ஒத்திலியாவிடம் நீட்டினேன். காத்திங்கா போன வேகத்தில் அவள் சட்டையில் குத்தியிருந்த சிவப்பு-வெள்ளை நூலைப் பற்றி இழுத்து அறுத்துவிட்டாள். வந்ததிலிருந்து நான் செய்ய நினைத்துக்கொண்டிருந்தது அது.

லென்ஸை எடுத்தேன். சிலுவையின் கீழ்க் கை, விளிம்பு. பாதி தேய்ந்த முத்திரை. நம் புகாரெஸ்ட் பட்டறை.

“வளையத்தைப் பாத்து ஏமாந்தேனே!” என்று ஒத்திலியா தலையில் அடித்துக்கொண்டாள். நான் நினைத்ததுபோல் அவள் மூஞ்சி தொங்கிப் போகவே இல்லை.

வோய்குலெஸ்கு எட்டிப் பார்த்தார். “திங்கள், புதன் வேலைக்கு வந்துடும்மா. குழந்தையையும் கூட்டிட்டு வா. பதக்கத்த முழுங்காம பாத்துக்கிட்டாப் போதும்.”

மார்ச் 31

மாதம் முடிந்தது; வழக்கப்படி நூல்களைக் கழற்றி ஏலக்கடை வாசலில் பூத்திருந்த மரத்தில் எல்லாரும் கட்டினோம். என் பனிப்பூவுக்குப் பக்கத்தில் அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்ட ஒத்திலியாவின் நூல். காத்திங்கா தூங்கி எழுந்து கை நீட்டினாள் — அவளிடம்.

வயிறு எரிந்தது.

“கொஞ்ச நேரம் வெச்சுக்கோடி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் லென்ஸை எடுத்தேன்.