மிதக்கவிட்ட பை

நீ தைத்த கைவலை என் முன்னால் வேலியில் காய்ந்துகொண்டிருக்கிறது. பழைய நுளம்பு வலையை வெட்டி, வளைத்த கம்பியில் சுற்றிக் கோர்த்தாயே, அதுதான். நீ போன பிறகு ஆணியிலேயே தொங்கியது. நேற்றுத்தான் எடுத்துத் தண்ணீரில் நனைத்தேன். காய்ந்து கிடந்த பாசியின் மணம் உடனே எழும்பி வந்தது. கொஞ்ச நேரம் அதைக் கையில் பிடித்தபடி நின்றேன். பிறகு வேலை இருந்தது.

நேற்றுக் குஞ்சுகள் வந்தன. முருங்கனிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். காற்று அடைத்த பெரிய பொலித்தீன் பை, உள்ளே சின்னவிரல் நீளத் திலாப்பியாக் குஞ்சுகள். பக்கத்தில் இருந்தவர் எங்கே இறங்குவேன் என்று கேட்டார். நம் மீன்பிடி ஊர்ப் பெயரைச் சொன்னேன், வங்காலை என்று. "வங்காலைக்கு மீன் கொண்டு போறீங்களோ?" என்று கேட்டுவிட்டு வழி முழுக்கத் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். நீ இருந்திருந்தால் அவருக்குத் தக்க பதில் ஒன்று கொடுத்திருப்பாய். நானோ பையைத்தான் இறுக்கிப் பிடித்தேன்.

வீட்டு வாசலில் தம்பி நின்றான். அவனுக்கு நம் மீன் தொட்டியில் பொறுமை போய்விட்டது. கடலிலிருந்து வந்ததும் படகு இஞ்சினைத் தோளில் தூக்கி வந்து விறாந்தையில் வைக்கிறான், வீடு முழுக்க மண்ணெண்ணெய் மணம். அந்த இஞ்சினுக்குத் தொட்டி இருக்கும் இடம் வேண்டும் அவனுக்கு. "அக்கா, இந்த முறையும் செத்தா நான் தொட்டியை உடைச்சுப்போட்டுக் கொட்டில் போடுவன். பிறகு அழக்கூடாது" என்றான். நான் ஓம் என்று தலையாட்டினேன். அழமாட்டேன் என்பதற்கும் அதுதான் பதில், சாக விடமாட்டேன் என்பதற்கும் அதுதான்.

இந்தத் தொட்டி எப்படித் தொடங்கியது என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. இந்தியாவில் ஒரே அகதி முகாமில் வளர்ந்து, ஒரே கல்லூரியில் படித்து, ஊர் திரும்பியபோது பக்கத்துப் பக்கத்து வீடுகளே கிடைத்தன நமக்கு. கிணற்றுத் தண்ணீர் உவர். கீரை நட்டால் கருகியது. நீதான் கைத்தொலைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினாய்: கீழே மீன் தொட்டி, மேலே சல்லிக்கல் நிறைத்த பிளாஸ்டிக் பரல்கள். மீனின் அழுக்குத் தண்ணீர் மேலேறிக் கீரைக்கு உரமாகி, வடிந்து, தெளிந்து, மீண்டும் மீனிடம் விழும். தொட்டி என் வளவில். என் பின்சுவரில் பிளக் இல்லாததால் தண்ணீரை மேலேற்றும் மோட்டருக்கு உன் அம்மா சமைக்கும் குசினியிலிருந்து வேலி தாண்டி வயர். தொட்டி உனக்கு, கரண்ட் பில் எனக்கோ என்று மாதா மாதம் சண்டை பிடிப்பாய்.

முதல் முறை குஞ்சு வந்த அன்று நீ பையின் வாயை அவிழ்த்து, கரையில் கூடையைக் கவிழ்ப்பதுபோல் ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தாய். நானும் கைகொடுத்தேன். நமக்குத் தெரிந்த முறை அதுதான். பிறகு, வீட்டுக்கு வந்தவையைப் பட்டினி போடுவதா என்று நீ ஒரு பிடி சோறும் போட்டாய், போதாது என்று நான் இன்னொரு பிடி. விடிந்தபோது எல்லாம் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. நீ ஒன்றை எடுத்துச் செவுளைத் திறந்து பார்த்தாய், சந்தையில் பார்ப்பதுபோலவே. "செத்த மீனைப் பற்றி என்ன கேட்டாலும் எங்களிட்டப் பதில் இருக்கடி. உயிரோட இருக்கிறதைப் பற்றி ஒண்டும் தெரியாது" என்றாய். பரம்பரை பரம்பரையாகக் கடலில் தொழில் செய்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு தொட்டி மீனைச் சாகக் கொடுத்துவிட்டு நின்றோம்.

அதற்குப் பிறகுதான் படித்தோம். பையைக் கட்டவிழ்க்காமல் தொட்டியில் மிதக்கவிட வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீரின் சூடும் வெளியே இருப்பதன் சூடும் ஒன்றாகும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு பையைத் திறந்து தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட வேண்டும். இரண்டாம் முறை நீ தொட்டி விளிம்பில் குந்தியிருந்து அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாய். "எங்களையும் உப்பிடிக் கொஞ்ச நேரம் மிதக்க விட்டிருக்கலாம்" என்றாய்.

எந்த நாளைச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. நாம் ஊருக்கு வந்து இறங்கிய நாள். சொந்தக்காரர் எல்லோரும் கூடி, புட்டும் நண்டுக்குழம்பும் கணவாயும் என்று தட்டு நிறைய வைத்தார்கள். அன்பில் குறை இல்லை. நீ எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டுப் பின்வளவில் போய்ச் சத்தி எடுத்தாய். உன் தலையை நான் பிடித்துக்கொண்டேன். உள்ளே யாரோ, "ஊர் எப்பிடி, பிடிச்சிருக்கோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உன் அன்றைய முகத்தைப் பிறகு தொட்டி மூலையில் ஒடுங்கி நின்ற குஞ்சுகளிடம் கண்டேன். உன்னிடம் இதைச் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும்.

அந்தக் குஞ்சுகள் பிழைத்தன, பெருத்தன. குளத்து மீன் சேறு மணக்கும், வாயில் வைக்கமாட்டேன் என்று சொன்ன உன் அம்மா, பொரியலில் ஒரு துண்டை ருசி பார்த்துவிட்டு, இன்னொரு துண்டுக்குத் தட்டை நீட்டினார். பிறகு மருந்துக்கும் அடங்காத உன் வருத்தம் வந்தது. கதிரையைத் தொட்டிக்குப் பக்கத்தில் போடச் சொல்லி அதிலேயே உட்கார்ந்திருப்பாய். பேச முடிந்த கடைசி நாள்களில் ஒன்றில், தண்ணீர் விழும் இடத்தில் கையை நீட்டியபடி, "இந்தச் சத்தம் நிக்கக்கூடாது" என்றாய்.

நின்றது. உன் செத்த வீட்டில் சனம் நிறைந்து வெக்கை தாங்காமல், யாரோ ஃபான் போடுவதற்காகக் குசினியில் இருந்த மோட்டர் பிளக்கைக் கழற்றியிருக்கிறார்கள். அவர்களில் பிழை இல்லை. அது எதற்கான வயர் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? சேமக்காலைக் குழியில் உன்னை வைத்துவிட்டு வந்து முகம் கழுவப் பின்னால் போனபோதுதான் சத்தம் இல்லாதது எனக்குக் கேட்டது. தம்பிதான் மூச்சுமுட்டிச் செத்த மீன்களை அள்ளி முருங்கை மரத்தடியில் குழி தோண்டித் தாட்டான். அதனால்தான் இப்போது அவன் சொல்வதை நான் கோபமாக எடுப்பதில்லை. அவன் இன்னொரு முறை அள்ள விரும்பவில்லை.

இந்த முறை நான் ஒன்றையும் அவசரப்படுத்தவில்லை. குழாய்த் தண்ணீரைத் திறந்த பரல்களில் வெயிலில் வைத்து குளோரின் மருந்து மணம் போகவிட்டேன். அழுக்கைத் தின்னும் கிருமி சல்லிக்கல்லில் படியட்டும் என்று மீன் இல்லாமலே வாரக்கணக்காய் மோட்டரை ஓடவிட்டேன். நேற்றுப் பையை நிழலில் மிதக்கவிட்டு, கோப்பை கோப்பையாகத் தண்ணீர் விட்டு, கடைசியில் உன் வலையால் குஞ்சுகளை அள்ளி இறக்கினேன். பைத் தண்ணீரைத் தொட்டியில் விடாமல் வெளியே ஊற்றினேன். மேலே ஓலை பரப்பினேன். அவை எல்லாம் ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டன.

அப்போது உன் அம்மா வேலிக் கண்டாயத்தால் புகுந்து வந்தார். கை பொத்தியிருந்தது. உள்ளே சோறு.

"அம்மா, இண்டைக்கு வேண்டாம்" என்றேன்.

"என்ர பிள்ளை குடுக்கிறவள். வந்தண்டைக்குப் பசியோட படுக்க விடுறதே?"

அவர் கையைப் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பிடித்தேன். "அவையள் முதல்ல வீட்டைப் பாக்கட்டும் அம்மா. நாளைக்கு நீங்கள்தான் முதல் போடோணும். நான் போடமாட்டன்."

கோபித்துக்கொண்டு போவார் என்று நினைத்தேன். உன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தச் சோற்றைத் தானே சாப்பிட்டார். பொழுது சாயும்வரை இருவரும் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்று அடியில் அசையாமல் கிடந்தது. தட்டிப் பார்க்கலாமா என்று நினைத்தேன். ஆனால் வலையை எடுக்கவில்லை. கடைசியில் அது எழும்பி, தண்ணீர் விழும் இடத்துக்கு வந்து, நுரைக்குக் கீழே நின்றது. மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன.

இன்று காலை ஓலையை நீக்கினேன். மேலே ஒன்றும் மிதக்கவில்லை. உன் அம்மா இரை போட்டார், மிகக் கொஞ்சம், நான் சொன்ன அளவுக்கும் குறைவாக. தண்ணீர் கலங்கிக் கொதிப்பதுபோல் வந்து தின்றன. தம்பி கடலால் வந்து எட்டிப் பார்த்தான். பிறகு இஞ்சினைத் தூக்கி வழக்கம்போல விறாந்தையிலேயே வைத்தான்.

ஒன்று உனக்குத் தெரியாது. என் பின்சுவரில் இப்போது மோட்டருக்கென்றே ஒரு பிளக் இருக்கிறது. அதைக் காட்டி இருவரிடமும் சொன்னேன்: "இந்த வீட்டில ஆர் செத்தாலும் இதைக் கழட்டக்கூடாது. நான் செத்தாலும்தான்."

உன் அம்மாதான் பேசினார்.

"ஓம் பிள்ளை. ஃபான் இல்லாட்டி என்ன, ஓலையால விசுக்குவம்."